இரு கைகள், இரு நரம்புகள்: பைக் ஓட்டும்போது கை மரத்துப்போன ஒரு நிகழ்வின் ஆய்வு

நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நிற்காமல் ஓட்டிவந்த ஒரு காலையில், வளைவு ஒன்றுக்கு முன் வேகத்தைக் குறைப்பதற்காக முன் பிரேக்கைப் பிடித்தேன். எண்ணியதைவிட அதிகமாக அழுத்திவிட்டேன் என்பதை என் விரல்கள் எனக்குச் சொல்லவில்லை. முன் டயர் எழுப்பிய கிறீச்சொலிதான் சொன்னது. வண்டி சரியவில்லை, யாருக்கும் எதுவும் நேரவில்லை. ஆனால் வலக்கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் அதற்கு வெகு நேரம் முன்பே மரத்துப்போயிருந்தன என்பதும், அதை ஒரு சின்னத் தொந்தரவு என்று எண்ணிப் பல மாதங்களாகப் பொறுத்துக்கொண்டு வந்திருந்தேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. முன் பிரேக்கின் அழுத்தத்தை அளந்து கொடுப்பது அந்தக் கைதான். அது உணர்விழந்த நிலையில் ஓட்டுவது, பாதி மூடிய கண்ணோடு ஓட்டுவதற்கு ஒப்பானது. அன்று தொடங்கி ஏறத்தாழ நான்கு மாதங்கள் நான் செய்த சோதனைகளையும், அவற்றுள் தவறாய்ப் போனவற்றையும் சேர்த்து, இங்கே முறையாகப் பதிவு செய்கிறேன்.

நிகழ்வின் விவரம்

இந்த ஆய்வுக்கு உட்பட்டவன் நானே. வயது 41, வலக்கைப் பழக்கம் உடையவன், நாள் முழுதும் கணினியில் வேலை. வண்டி, 400 சிசிக்கு உட்பட்ட ஒற்றை சிலிண்டர் பைக். அதிர்வைக் குறைக்கும் சமநிலைத் தண்டு உள்ள என்ஜின். ஹேண்டில்பார் அதிகத் தாழ்வும் இல்லாத, அதிக உயரமும் இல்லாத நடுத்தர வகை. ஊருக்குள் ஓட்டும்போது எந்தச் சிக்கலும் இருந்ததில்லை. மணிக்கு 85 கி.மீ. வேகத்தில், என்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,200 சுற்று (ஆர்பிஎம்) சுழலும் நிலையில், அரை மணி நேரத்துக்கு மேல் சீராக ஓட்டும்போதுதான் குறுகுறுப்பு தொடங்கும். முதலில் எறும்பு ஊர்வது போல இருக்கும், பிறகு தோலின் மீது தடித்த துணி ஒன்றைச் சுற்றியது போல ஆகிவிடும், கடைசியில் விரல் இருக்கும் இடமே தெரியாது. வண்டியை நிறுத்திக் கையை உதறினால் பத்து நிமிடம் முதல் அரை மணி நேரத்துக்குள் உணர்வு திரும்பிவிடும்; திரும்பும்போது ஊசி குத்துவது போல வலிக்கும்.

நான் முதலில் செய்தது, பெரும்பாலோர் செய்வதையே. ‘என்ஜின் அதிர்வு, அதனால் கை மரக்கிறது’ என்று முடிவு கட்டி, உள்ளங்கையில் ஜெல் திண்டு வைத்த கையுறையை வாங்கினேன்; போதாதென்று கிரிப்பின் மேல் பஞ்சு உறையையும் மாட்டினேன். வலக்கை முன்பைவிடச் சீக்கிரமாகவே, இருபது சொச்ச நிமிடங்களில் மரக்கத் தொடங்கியது. காரணம் பின்னர் விளங்கியது. கிரிப் பருமனாகும்போது விரல்கள் அதைச் சுற்றி முழுதாக மூடுவதில்லை. கையுறை தடிமனாகும்போது கிரிப்பின் உணர்வு குறைகிறது. இரண்டும் சேர்ந்தால் கை, தன்னை அறியாமலேயே இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. இறுகிய பிடி முன்கைத் தசைகளைக் களைப்படையச் செய்வதோடு, ஹேண்டில்பாரின் அதிர்வைக் கைக்குள் இன்னும் நன்றாகக் கடத்தவும் செய்கிறது. அதிர்வு தடுப்புக் கையுறைகளுக்கான ஐஎஸ்ஓ 10819 தரநிலையைப் பார்த்தாலே இவற்றின் எல்லை புரியும்: 200 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வை 0.6 மடங்குக்குக் கீழே குறைக்க வேண்டும் என்று கேட்கும் அத்தரநிலை, 25 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் 0.9 மடங்கோடு நிறைவடைந்துவிடுகிறது. 5,200 ஆர்பிஎம்மில் என் என்ஜினின் அடிப்படை அதிர்வு நொடிக்கு 87 முறை, அதாவது 87 ஹெர்ட்ஸ். அத்தரநிலையில் தேறிய கையுறையே ஆனாலும், அந்தப் பகுதியில் அது பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே போதும் என்பதுதான் நிலை.

எந்த விரல் என்ற கேள்வி

கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு நாள் ஓட்டத்தின் நடுவே வண்டியை ஓரமாக நிறுத்தி, பேனா முனையால் இரு கைகளின் ஒவ்வொரு விரலையும் தொட்டுப் பார்த்து எழுதிக்கொண்டேன். அந்த ஐந்து நிமிட வேலையை முதல் நாளே செய்திருக்க வேண்டும். வலக்கையில் மரத்திருந்தவை சுண்டுவிரலும், மோதிர விரலின் சுண்டுவிரல் பக்கத்துப் பாதியும். இடக்கையில் மரத்திருந்தவை கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் நடுவிரல் பக்கத்துப் பாதி. அங்கே சுண்டுவிரல் முழு உணர்வோடு இருந்தது. மோதிர விரலை நடுவில் ஒரு கோடு பிரித்தது போல, ஒரு கையில் ஒரு பாதியும் மறு கையில் மறு பாதியும் மரத்திருந்ததைக் கண்டபோது, இது ஒரே நோய் இல்லை என்பது தெளிவாயிற்று.

கையின் தோலுக்கு உணர்வு தரும் நரம்புகளில் இரண்டு இங்கே முக்கியமானவை. மீடியன் நரம்பு மணிக்கட்டின் நடுவே, கார்ப்பல் டனல் எனப்படும் குறுகிய சுரங்கத்தின் வழியாக, விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு உள்ளங்கைக்குள் நுழைகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவை அதன் பொறுப்பு. அல்னார் நரம்பு முழங்கையின் உட்புற எலும்புமுனைக்குப் பின்னால் வளைந்து இறங்கி, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக, கையோன் கால்வாய் எனப்படும் மற்றொரு இடுக்கின் வழியாக உள்ளே வருகிறது; சுண்டுவிரலும் மோதிர விரலின் மறு பாதியும் அதைச் சேர்ந்தவை. 1861-ஆம் ஆண்டு இந்தக் கால்வாயை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் கையோனின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. உள்ளங்கையின் அடிப்பகுதியை ஹேண்டில்பாரின் மேல் ஊன்றினால், அந்த நரம்பு கிரிப்புக்கும் எலும்புக்கும் இடையே நசுங்குவதற்கு வாகான இடத்தில் இருக்கிறது. நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களிடம் இது நன்கு அறியப்பட்ட பாதிப்பு.

அதிர்வு மட்டுமே காரணமாக இருந்திருந்தால், இரு கைகளிலும் எல்லா விரல்நுனிகளும் ஏறத்தாழ ஒன்றுபோல மரத்திருக்க வேண்டும். அது ஆளைப் பார்த்தோ நரம்பைப் பார்த்தோ தேர்ந்தெடுத்துத் தாக்குவதில்லை. நரம்பின் எல்லைக்கோட்டை ஒட்டி மரத்துப்போகிறது என்றால், அந்த நரம்பு போகும் வழியில் எங்கோ ஓரிடத்தில் அது நெருக்கப்படுகிறது. எங்கே என்பதே அடுத்த கேள்வி.

அதற்கும் தோலே விடை சொன்னது. அல்னார் நரம்பிலிருந்து, புறங்கையின் சுண்டுவிரல் பக்கத்துக்கு உணர்வு தரும் கிளை, மணிக்கட்டை அடைவதற்குச் சில செ.மீ. முன்பே பிரிந்துவிடுகிறது. முழங்கையில் நரம்பு நெருக்கப்பட்டால் புறங்கையும் மரக்கும். மணிக்கட்டில் நெருக்கப்பட்டால் புறங்கை தப்பிவிடும். என் வலப் புறங்கையில் உணர்வு முழுமையாக இருந்தது. இடக்கையிலும் இதே போன்ற ஒரு சான்று உண்டு: கட்டைவிரலின் அடியில் உள்ள உள்ளங்கைத் தோலுக்கு வரும் மீடியன் நரம்பின் கிளை சுரங்கத்துக்குள் நுழையாமல் மேலேயே செல்வதால், விரல்கள் மரத்திருக்க அந்த மேடு மட்டும் உணர்வோடு இருந்தால், நெருக்கம் சுரங்கத்தினுள் இருக்கிறது என்று கொள்ள இடமுண்டு. என் நிலை அதுவே.

மருத்துவரின் சோதனை

இவற்றை எழுதிக்கொண்டு மருத்துவரைப் பார்த்தேன். விரல் மரப்பதெல்லாம் வண்டியால் வருவதில்லை. நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைபாடு, கழுத்து எலும்புகளுக்கு இடையே நரம்பு வேர் நசுங்குதல் ஆகிய எதுவும் முதலில் கையில் தலைகாட்டக்கூடும், பைக் அதை வெளிக்கொணரும் சாக்காக மட்டுமே அமையக்கூடும். எனக்கு ரத்தச் சோதனைகள் இயல்பாக இருந்தன. கழுத்தைத் திருப்பிச் சாய்த்தபோது கையில் எதுவும் மாறவில்லை. மணிக்கட்டுகளை ஒரு நிமிடம் முழுதாக மடக்கி வைத்திருக்கும் பேலன் சோதனையில் இடக்கை 50 நொடிகளில் லேசாகக் குறுகுறுத்தது. காகிதத் துண்டு ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் பார்த்தார். வலக்கை வலு குறையவில்லை. நரம்புக் கடத்தல் சோதனையும் இயல்பு என்றே வந்தது. நெருக்கம் நீங்கியதும் சீராகிவிடுகிற, நரம்பிழை அறுபடாத நிலை இது என்று விளக்கிய அவர், இப்படியே தொடர்ந்தால் அந்த நிலை என்றும் அப்படியே நீடிக்காது என்றும் சொன்னார்.

ஓட்டி முடித்துப் பல மணி நேரம் ஆன பிறகும் மரப்பு நீங்காமலிருத்தல், இரவில் கை மரத்துத் தூக்கம் கலைதல், பிடித்த பொருள் நழுவுதல், கட்டைவிரல் மேடோ கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட தசையோ வற்றித் தெரிதல், குளிரில் விரல்நுனி வெளுத்துப்போதல் ஆகிய எதைக் கண்டாலும் ஹேண்டில்பாரைத் திருத்திக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒரு பக்கக் கை திடீரென மரத்து, பேச்சு குழறினாலோ முகம் கோணினாலோ நெஞ்சு வலித்தாலோ அது அவசர சிகிச்சைக்குரிய நிலை. வண்டியை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

சோதனை முறை

ஒரே சாலை, ஒரே காலை நேரம், ஒரே வேகம், ஒரே டயர் அழுத்தம், ஒரே மெல்லிய கையுறை. ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே. ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறைந்தது இரண்டு ஓட்டங்கள். குறிப்பேட்டில் எழுதியவை இரண்டு எண்கள்: முதல் குறுகுறுப்பு தொடங்கிய நிமிடம், நிறுத்திய பின் முழு உணர்வு திரும்ப எடுத்த நிமிடங்கள். மரப்பு முற்றும் வரை ஓட்டுவது ஆபத்து என்பதால், முதல் அறிகுறி தெரிந்ததும் அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுவேன். எதை மாற்றியிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்திருந்தது. ஆகவே எதிர்பார்ப்பு என் கணக்கைச் சிறிது சாய்த்திருக்கலாம். ஒரே ஆளின் கை, ஒரே வண்டி என்ற வரம்பும் இதற்கு உண்டு.

மாற்றம் எதுவும் செய்யாமல் ஓட்டிய மூன்று முறைகளில், வலக்கை 32 முதல் 38 நிமிடங்களுக்குள்ளும், இடக்கை 45 முதல் 55 நிமிடங்களுக்குள்ளும் அறிகுறி காட்டின. தெளிய வலக்கைக்கு 25 நிமிடங்கள், இடக்கைக்குப் பத்து. முதுகுப் பையின் பட்டை தோளில் அழுத்துவதாலும் கை மரக்கலாம் என்பதால், பையைப் பின்சீட்டில் கட்டி ஓட்டிப் பார்த்தேன், எண்கள் அசையவில்லை. கையுறையின் மணிக்கட்டுப் பட்டையையும் கைக்கடிகாரத்தையும் தளர்த்திப் பார்த்ததிலும் அப்படியே.

இடக்கை: லீவரின் கோணம்

நெடுஞ்சாலையில் கிளட்ச்சுக்கு வேலையே இல்லையே, இடக்கை ஏன் மரக்க வேண்டும் என்பது எனக்குப் புதிராக இருந்தது. நண்பர் ஒருவர், நான் ஓட்டும் நிலையில் அமர்ந்திருக்கும்போது பக்கவாட்டில் எடுத்த புகைப்படம் அதை விடுவித்தது. கிளட்ச் லீவர் ஏறத்தாழத் தரைக்கு இணையாக நீட்டிக்கொண்டிருந்தது. என் முன்கையோ தோளிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்து வந்தது. இரண்டு விரல்களை எப்போதும் லீவரின் மேல் வைத்திருக்கும் பழக்கம் எனக்கு உண்டு. சரிந்து வரும் கை, உயர்ந்து நிற்கும் லீவரை எட்ட வேண்டுமானால் மணிக்கட்டு பின்னோக்கி வளைந்தாக வேண்டும். படத்தின் மேல் கோடு போட்டு அளந்தபோது அந்த வளைவு 30 பாகைக்கும் மேல் இருந்தது.

ஆரோக்கியமான மணிக்கட்டு நேராக இருக்கையில் கார்ப்பல் டனலினுள் அழுத்தம் 2.5 மி.மீ. பாதரச அளவே இருக்கும். முழுவதும் மடக்கினாலும் பின்னோக்கி வளைத்தாலும் அது 30 மி.மீ. அளவுக்கு ஏறுகிறது. 20 முதல் 30 மி.மீ. அழுத்தத்திலேயே நரம்பைச் சுற்றியுள்ள நுண்ணிய சிரைகளில் ரத்தம் தேங்கத் தொடங்கிவிடுகிறது. அதாவது நரம்பை எதுவும் வெளியிலிருந்து குத்த வேண்டியதில்லை. வளைந்த நிலையிலேயே ஒரு மணி நேரம் வைத்திருந்தால் போதும், அது மூச்சுத் திணறும். பைக்கில் நாம் செய்வது அதைத்தான்.

லீவரின் பிடிமானத் திருகைத் தளர்த்தி, சீட்டில் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கையை இயல்பாக நீட்டி, விரல்கள் முன்கையின் கோட்டிலேயே நேராகச் சென்று லீவரில் படும்படி அதைக் கீழ்நோக்கிச் சுழற்றி மீண்டும் இறுக்கினேன். கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட்டு, லீவரின் நுனியில் சொல்லப்பட்டுள்ள தளர்ச்சி அளவையும் சரிபார்த்தேன். அடுத்த இரண்டு ஓட்டங்களிலும் 90 நிமிடங்கள் வரை இடக்கையில் ஒன்றுமே இல்லை. ஒரு ஸ்பேனரும் கால் மணி நேரமும் மட்டுமே செலவான வேலை இது. இத்தனை மாதங்களாக ஏன் செய்யவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. ஷோரூமிலிருந்து வரும்போது லீவர் எப்படி இருந்ததோ, அதுவே சரியான நிலை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது யாரோ ஒரு சராசரி ஆளுக்காக வைக்கப்பட்ட நிலை.

வலக்கையின் எண்களோ அப்படியே நின்றன. இரு கைகளுக்கும் காரணம் வேறு என்ற கணிப்பை இது உறுதிப்படுத்தியது.

வலக்கை: பிடி, சீட், உடலின் பாரம்

வலக்கைக்குரிய சிக்கல், ஆக்சிலரேட்டர் சுழலும் கிரிப் என்பதிலிருந்து தொடங்குகிறது. வண்டி நிற்கும்போது, ஆக்சிலரேட்டர் மூடிய நிலையில், மணிக்கட்டை நேராக வைத்துக் கிரிப்பைப் பிடிக்கிறோம். நெடுஞ்சாலை வேகத்துக்குத் திருகும்போது கையும் கூடவே சுழல, மணிக்கட்டு கீழே தொய்ந்து பின்னோக்கி வளைகிறது. அந்த நிலையில் உடலின் பாரம் உள்ளங்கையின் அடிப்பகுதியில், அதிலும் சுண்டுவிரல் பக்கத்து மேட்டில் இறங்குகிறது. கையோன் கால்வாய் அமைந்திருப்பது சரியாக அங்கேதான். ஆக்சிலரேட்டரின் ஸ்பிரிங் ஓயாமல் மூட முயல்வதால், பிடியைத் தளர்த்தவும் வழியில்லை. இடக்கை அவ்வப்போது கிரிப்பை விட்டுவிட்டு ஓய்வெடுக்கலாம், வலக்கைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

முதல் மாற்றம் பிடியில். சாலையின் வேகத்தை எட்டிய பின், ஒரு நொடி விரல்களைத் தளர்த்திக் கையைக் கிரிப்பின் மேல் முன்னோக்கிச் சரியவிட்டு, மணிக்கட்டு நேராகும்படி மறுபடி பிடிப்பேன். திருப்புளியைப் பிடிப்பது போல, கிரிப் உள்ளங்கைக்குக் குறுக்கே சற்றுச் சாய்வாகக் கிடக்கும்படி, முழங்கையைக் கொஞ்சம் வெளிப்புறமாக உயர்த்திப் பிடிக்கும்போது பாரம், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதைக்கு மாறுகிறது; கால்வாயின் மேல் சுமை விழுவதில்லை. ஆக்சிலரேட்டர் கேபிளையும் சுத்தம் செய்து எண்ணெயிட்டேன். திருகும் கனம் உணரும்படி குறைந்தது. முதல் அறிகுறி 55 நிமிடங்களுக்குத் தள்ளிப்போயிற்று.

அதற்கு மேல் போகவில்லை, ஏனெனில் பாரம் இன்னும் கையில்தான் இருந்தது. இந்த இடத்தில் சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனெனில் கை மரப்பைப் பற்றிப் பேசுவோர் பலரும் கையையே பார்க்கிறார்கள். கைக்குப் பாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை. என் வண்டியின் சீட் முன்பக்கமாகச் சரிந்திருந்தது. அரை மணி நேரம் ஓட்டினால் நான் டேங்கை ஒட்டிச் சறுக்கி வந்திருப்பேன். சறுக்காமல் இருக்கக் கைகளால் ஹேண்டில்பாரைத் தள்ளிக்கொண்டிருப்பேன். அதோடு, முழங்கால்கள் டேங்கைப் பற்றாமல் வெளியே விரிந்திருந்தன. வயிற்றுத் தசையும் தொடையும் சுமக்க வேண்டிய மேலுடலை இரண்டு உள்ளங்கைகள் சுமந்துகொண்டிருந்தன. ஓட்டும்போது கோழி சிறகடிப்பது போல முழங்கைகளை மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பது எளிய ஒரு சோதனை: கைகளில் பாரம் இல்லையென்றால் வண்டி நேராகவே போகும், பாரம் இருந்தால் ஹேண்டில்பார் ஆடும். வெறிச்சோடிய நேர்ச்சாலையில், மிதமான வேகத்தில் மெல்ல அசைத்துப் பார்த்தேன், ஹேண்டில்பார் ஆடியது.

சீட்டின் அடியில் முன்பக்கம் தகடு வைத்துச் சரிவைக் குறைத்தேன். ஹேண்டில்பாருக்கு 25 மி.மீ. உயர்த்தும் ரைசர் பொருத்தினேன். ரைசர் பொருத்துபவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது: ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்து, எந்தக் கேபிளும் பிரேக் குழாயும் இழுபடவில்லை என்பதையும், என்ஜின் ஓடும்போது ஒடித்தால் ஆர்பிஎம் தானாக ஏறவில்லை என்பதையும் உறுதிசெய்த பிறகே சாலைக்கு வர வேண்டும். முழங்கால்களால் டேங்கைப் பற்றும் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. முதல் இரண்டு வாரங்கள் தொடை வலித்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ‘முழங்கால்’ என்று எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

வலக்கையின் எண் 80 நிமிடங்களுக்கு உயர்ந்தது, தெளியும் நேரம் எட்டு நிமிடங்களாகக் குறைந்தது. ஆனால் எதிர்பாராத ஒன்றும் நடந்தது: ஓய்ந்துபோயிருந்த இடக்கை, 60 நிமிடங்களில் மறுபடி குறுகுறுக்கத் தொடங்கியது. ஹேண்டில்பார் உயர்ந்ததால் முன்கையின் சரிவு குறைந்துவிட்டது. பழைய சரிவுக்கு ஏற்பக் கீழே இறக்கி வைத்த லீவர் இப்போது மிகத் தாழ்ந்து, மணிக்கட்டை எதிர்ப்பக்கமாக மடக்கியது. லீவரைச் சில பாகைகள் மேலே சுழற்றியதும் இடக்கை அடங்கிவிட்டது. ஹேண்டில்பாரை எப்போது அசைத்தாலும் லீவர்களை மறுபடி ஒரு முறை வைத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்பது எனக்கு இப்படித்தான் விளங்கியது.

அதிர்வின் பங்கு

அதிர்வை நான் கடைசிக்குத் தள்ளினேனே தவிர, அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. அதிரும் கருவிகளால் தொழிலாளர்களின் விரல்கள் வெளுத்துப்போவதை 1911-இல் இத்தாலியில் மருத்துவர் லோரிகாவும், 1918-இல் அமெரிக்கச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டனும் பதிவு செய்தார்கள். ஜப்பானில் மோட்டார் சைக்கிளில் நாள்தோறும் பணிபுரியும் போக்குவரத்துக் காவலர்களின் கைகளும் ஆராயப்பட்டிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை, எட்டு மணி நேர வேலைக்குக் கை வழி அதிர்வு 2.5 மீ/நொடி² அளவை எட்டினால் நடவடிக்கை தேவை என்றும், 5-ஐத் தாண்டவே கூடாது என்றும் வரம்பு வைக்கிறது. வார இறுதியில் ஓட்டுபவருக்கும், பைக்கிலேயே பொருள் விநியோகித்து நாளைக் கழிப்பவருக்கும் இந்த வரம்பின் பொருள் ஒன்றல்ல. பின்னவருக்கு நான் இங்கே எழுதியிருப்பது போதாது. அவர் நாளின் மொத்த நேரத்தையே கணக்கில் எடுக்க வேண்டும்.

அதிர்வு தரும் மரப்பின் சுவையே வேறு. வண்டியை நிறுத்திய பின்பும் இரு கைகளின் எல்லா விரல்நுனிகளிலும் ஒரு ரீங்காரம் மிஞ்சியிருக்கும். தோலுக்கு அடியில் அதிர்வை உணரும் பசினியன் உறுப்புகள் 250 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வுக்கு மிகக் கூர்மையானவை; நெடு நேரம் அதிர்ந்தால் அவை தற்காலிகமாக மந்தமாகிவிடுகின்றன. வரிசையாக நான்கு சிலிண்டர் உள்ள என்ஜினில், என்ஜினின் சுழல் தண்டு சுற்றும் வேகத்தைப் போல இரு மடங்கு அதிர்வெண்ணில் ஓர் அதிர்வு எஞ்சுகிறது. 6,000 ஆர்பிஎம்மில் அது 200 ஹெர்ட்ஸ். மென்மையானவை என்று பெயர்பெற்ற அந்த வண்டிகளிலும் சிலருக்கு விரல் ரீங்கரிப்பது இதனால்தான்.

என் வண்டியில் 5,000 முதல் 5,500 ஆர்பிஎம் வரை ஹேண்டில்பார் தனியாக நடுங்கியது. கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியின் உருவம் அந்த எல்லைக்குள் மட்டும் கலங்கியது. கண்ணாடியின் தண்டுக்கும் தனி நடுக்கம் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பாமல், கிரிப்பின் நுனியில் விரலை வைத்தும் உறுதி செய்துகொண்டேன். கைபேசியை ஹேண்டில்பாரில் பொருத்தி அளக்க எண்ணியவன், அதைக் கைவிட்டேன். பைக் என்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பழுதாக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

மெக்கானிக், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்ததில், என்ஜினைச் சட்டத்தோடு பிணைக்கும் முன்பக்க மவுண்ட் போல்ட் ஒன்று சொல்லப்பட்ட இறுக்கத்துக்குக் கீழே இருந்தது தெரிந்தது. செயினும் தளர்ந்திருந்தது. இரண்டையும் சரிசெய்தபின், ஹேண்டில்பாரின் முனைகளில் கனமான எடைகளைப் பொருத்தினேன். எடை நடுக்கத்தை அழிப்பதில்லை. ஹேண்டில்பார் மிக எளிதாக நடுங்கும் அதிர்வெண்ணை, அதாவது அதன் இயல்பதிர்வெண்ணை, கீழே இறக்குகிறது. என் வண்டியில் நடுங்கும் எல்லை 4,300 – 4,600 ஆர்பிஎம்முக்கு இறங்கியது; அந்த எல்லையை நான் வேகமெடுக்கும்போது கடந்துவிடுகிறேன். 4,500 ஆர்பிஎம்மிலேயே நாள் முழுதும் ஓட்டும் ஒருவருக்கு அதே எடை கேடாக முடியும். ஆகவே எந்த ஆர்பிஎம்மில் அதிகம் ஓட்டுகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எடையை மாற்றுவதில் பொருளில்லை.

விரல்நுனி ரீங்காரம் பெருமளவு அடங்கியது. வலக்கையின் எண்ணோ 80-இலிருந்து 85 நிமிடங்களுக்கு மட்டுமே நகர்ந்தது. எல்லாவற்றுக்கும் மூலம் என்று நான் முதலில் குற்றம் சாட்டிய அதிர்வு, என் நிகழ்வில் மிகச் சிறிய பங்காளியாக இருந்தது. நான் கடைசியாகச் செய்ததால் அதற்கு எஞ்சியது குறைவாக இருந்திருக்கலாம் என்ற மறுப்புக்கும் இடமுண்டு; வரிசையை மாற்றிச் செய்திருந்தால் எண்களும் சற்று மாறியிருக்கும்.

தொடர் கண்காணிப்பு

வலச் சுண்டுவிரலின் நுனியில், வண்டி ஓட்டாத நாள்களிலும் மெல்லிய மந்தம் ஒன்று சோதனைகளின் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அது முழுதாக மறைய ஐந்து வாரங்கள் ஆயின. மருத்துவர் சொன்னபடி இரவில் இடக்கை மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளின்ட் எனப்படும் தாங்கியை மூன்று வாரங்கள் அணிந்தேன். கணினியின் முன் மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றும் பழக்கத்தையும் விட்டேன். வாரம் முழுதும் அங்கே நெருங்கியிருந்த நரம்பு, வார இறுதியில் பைக்கில் சீக்கிரம் களைத்தது வியப்பில்லை. குளிர்காலத்தில் காற்று படும் கைக்கு ரத்த ஓட்டம் குறைந்து எண்கள் 15 நிமிடங்கள் வரை இறங்குகின்றன. காற்றைத் தடுக்கும் உறை அதைச் சரிசெய்கிறது.

இப்போது, எண் எதுவாக இருந்தாலும், 60 முதல் 70 நிமிடங்களுக்கு ஒரு முறை நிறுத்தி, கிரிப்பிலிருந்து கையை எடுத்து, தோளைத் தளர்த்தி, விரல்களை விரித்து மடக்கிவிட்டே தொடர்கிறேன். மாற்றங்கள் முடிந்து ஏழு வாரங்களுக்குப் பின் ஒரு நாள் 310 கி.மீ. ஓட்டியதில் இடக்கை ஒரு முறையும் மரக்கவில்லை. வலக்கை ஒரே ஒரு முறை குறுகுறுத்தது: நடுவழியில் பெருமழை பிடித்துக்கொண்டபோது தோள்கள் காது வரை ஏறியிருந்ததையும், முழங்கால்கள் டேங்கை விட்டு விலகியிருந்ததையும் சுண்டுவிரல் சொன்ன பிறகே கவனித்தேன். ஓரமாக நிறுத்தி, பத்து நிமிடம் நின்று, பிடியைத் தளர்த்திக்கொண்டு கிளம்பியபின் அது திரும்ப வரவில்லை. குறிப்பேட்டில் அன்றைய பதிவு: ‘வலக்கை, 47 நிமிடம், மழை, இறுகிய பிடி, தெளிய ஆறு நிமிடம்.’